அத்தை, நான், ஒரு திமிங்கலம்!

சாயங்காலம் ஆறு மணி, பீச் ஸ்டேஷன். தாம்பரம் போகிற மின்சார ரயில். வண்டி கிளம்புகிற இடம் என்பதால் ஜன்னலோரமே சீட் கிடைக்கும். உட்கார்ந்ததும் பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் பையில் கைவிட்டு செல்போனை எடுப்பார்கள். நானும் கைவிட்டு எடுப்பேன். ஒரு ஊசி, ஒரு நூல் கண்டு, அரைகுறையாக ஒரு நீலத் திமிங்கலம்!

முதல் நாள் எதிர் சீட்டுப் பெரியவர் பத்து நிமிஷம் என்னையே முறைத்துப் பார்த்தார். கோட்டை ஸ்டேஷன் தாண்டியது, பூங்கா தாண்டியது. எழும்பூரில் அவரால் தாங்க முடியவில்லை.

"தம்பி, கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார். ஒரு பொண்ணு, அஞ்சு வயசு."

"வீட்ல... சண்டையா?"

ஆம்பளை ஊசி பிடித்தால் நம் ஊரில் இரண்டே காரணம்தான். ஒன்று, தையல்காரராக இருக்க வேண்டும். இல்லையென்றால் பொண்டாட்டி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்க வேண்டும். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் குமாஸ்தா. இந்த வம்பில் என்னை மாட்டிவிட்டது என் மகளும் என் மாமியாரும்.

பிஸ்கட் டப்பா ரகசியம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனபோது என் மகள் ஒரு குரோஷாத் திமிங்கலத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று அடம் பிடித்தாள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். விலைச்சீட்டைப் பார்த்தேன், 450 ரூபாய்! "இந்த நூல் உருண்டைக்கா?" என்று கடைக்காரரிடம் பொரிந்துவிட்டு, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நடந்ததைக் கேட்டார் அத்தை. ஒன்றும் பேசவில்லை. பரணிலிருந்த பழைய பிஸ்கட் டப்பாவை எடுக்கச் சொன்னார். (எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா உண்டு. ஆசையாகத் திறந்தால் உள்ளே பிஸ்கட் மட்டும் இருக்காது!) அதில் நாலைந்து குரோஷா ஊசி, வெள்ளை நூல், பாதியில் நின்றுபோன ஒரு மேஜை விரிப்பு.

"எனக்குக் கட்டைவிரல் மடங்க மாட்டேங்குது மாப்பிள்ளை. கண்ணும் தெரியலை. உங்க பொண்டாட்டிக்குப் பொறுமை கிடையாது. நீங்க போடுங்க, நான் சொல்லித் தர்றேன்."

"நானா அத்தை?"

"ஏன், கணக்குதானே எழுதறீங்க? இதுவும் கணக்குதான்."

அதென்ன அமிகுருமி?

குரோஷா என்பது ஃபிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்தது. குட்டிக் கொக்கி என்று அர்த்தம். ஸ்வெட்டருக்கு இரண்டு ஊசி வேண்டும். இதற்கு நுனி வளைந்த ஒரே ஒரு ஊசி. அதை வைத்துக்கொண்டு ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை இழுத்துக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் சமாசாரம்.

இந்த முறையில் குட்டிக் குட்டி பொம்மை செய்து உலகத்தையே கிறுக்குப் பிடிக்க வைத்தவர்கள் ஜப்பான்காரர்கள். 'அமிகுருமி' என்று பெயர். 'அமி' என்றால் பின்னுவது. 'நுய்குருமி' என்றால் பஞ்சடைத்த பொம்மை. இரண்டையும் ஒட்டி ஒரு பெயராக்கிவிட்டார்கள். கரடி, முயல், ஆக்டோபஸ் என்று எல்லாமே வரும். புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குத் திமிங்கலம் வசதி. கால் கிடையாது, கழுத்து கிடையாது. ஒரு பந்து, ஒரு வால், இரண்டு துடுப்பு. முடிந்தது!

பாருங்கள், கடலில் இருக்கிற நீலத் திமிங்கலம் 30 மீட்டர் வரை வளரும். நம் மின்சார ரயிலில் ஒரு பெட்டியை விட நீளம்! அதை 10 சென்டிமீட்டரில் அடக்குவதில்தான் கிக்கே இருக்கிறது.

504 கண்ணிகள்

செய்முறை ரொம்ப சுலபம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அத்தை சொன்ன மாதிரி இது கணக்குதான்.

2.5 மில்லிமீட்டர் ஊசி, ஐம்பது கிராம் நூல் போதும். விரலில் நூலைச் சுற்றி ஒரு வளையம் செய்து, அதற்குள் 6 கண்ணி போட வேண்டும். இதுதான் மூக்கு நுனி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டு போட்டால் 12. அப்புறம் சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போகலாம். 18, 24, 30, 36. இப்போது ஒரு குட்டிக் கிண்ணம் மாதிரி வந்திருக்கும். கூட்டாமல் குறைக்காமல் 36 கண்ணியாகவே 8 சுற்று போனால் அது வயிறு. பிறகு வந்த வழியே திரும்ப வேண்டும். 30, 24, 18. வாய் மூடுவதற்குள் பஞ்சை அடைத்துவிட்டு, 12, 6 என்று குறைத்தால் உடம்பு ரெடி. கூட்டிப் பாருங்கள், உடம்புக்கு மட்டும் 504 கண்ணி!

சுற்று எங்கே ஆரம்பித்தது என்று தெரிவதற்கு முதல் கண்ணியில் ஒரு சேஃப்டி பின் மாட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் 'எனக்கு ஞாபகம் இருக்கும்' என்று மிதப்பில் போனவன் நான். 36 வர வேண்டிய இடத்தில் 35 வந்தது. ஆபீஸில் டேலி ஆகாவிட்டால் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு மூலையில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே முடியாது. ஒரு கண்ணி குறைந்தால் திமிங்கலம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும், பல் வலி வந்த மாதிரி.

"பிரிச்சிடுங்க" என்றார் அத்தை.

"மொத்தத்தையுமா?"

"தப்பு நடந்த இடம் வரைக்கும். முழுக்க ஒரே நூல்தானே மாப்பிள்ளை, இழுத்தா வந்துடும். நூலுக்கு ஒண்ணும் ஆகாது. உங்க கோபத்துக்குத்தான் ஏதாவது ஆகும்."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கி இழுப்பேன். ஊசி உள்ளேயே நுழையாது. "கயிறு திரிக்கிறீங்களா, பொம்மை போடறீங்களா?" என்பார். தளர விட்டால் கண்ணி இடைவெளியில் பஞ்சு எட்டிப் பார்க்கும். அதற்கும் திட்டு விழும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அது கைக்குப் பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது. ரயிலில் போட, ராத்திரி அத்தையிடம் காட்ட, பிரிக்க, மறுநாள் மறுபடி போட... மூன்று தடவை பிரித்து நாலாவது தடவைதான் உருண்டை உருண்டையாக வந்தது.

பஞ்சு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இலவம் பஞ்சு வேண்டாம். துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும். தலையணைக்குப் போடுகிற பாலியஸ்டர் பஞ்சு வாங்குங்கள். கண்ணுக்குக் கறுப்பு மணி வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று வயசுக்கு உட்பட்ட குழந்தை என்றால் மணி வேண்டவே வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கறுப்பு நூலாலேயே கண் தைத்துவிடுங்கள்.

இது திமிங்கலமே இல்லை!

முதல் திமிங்கலத்தைப் பெருமையாக மகளிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது மீன்."

"திமிங்கலம்டி தங்கம்!"

"மீனுக்குத்தான் வால் இப்படி நிக்கும். திமிங்கலத்துக்குப் படுத்திருக்கும். எங்க மிஸ் சொன்னாங்க."

வாஸ்தவம்தான்! மீன் வாலை இடதும் வலதுமாக ஆட்டும். திமிங்கலம் நம்மைப் போல் பாலூட்டி. அது வாலை மேலும் கீழுமாகத்தான் அடிக்கும். அதனால் வால் மட்டமாகத்தான் இருக்க வேண்டும். நான் செங்குத்தாக வைத்துத் தைத்திருந்தேன். எல்.கே.ஜி. குழந்தைகூட கண்டுபிடிக்கிற தப்பு! மறுபடி பிரித்தேன். அத்தை சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது.

ஆம்பளைங்க வேலையா இது?

ஆபீஸில் கேலிக்குக் குறைவில்லை. "சார், எனக்கு ஒரு ஸ்வெட்டர்!" "தொட்டில் எப்போ போடறீங்க?" எல்லாம் கேட்டாயிற்று. அவர்களுக்கு நான் சொல்கிற பதில் டாம் டேலி. இங்கிலாந்தின் டைவிங் வீரர். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கியவர். அடுத்தவர்கள் போட்டியின்போது கேலரியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். உலகமே அதை டி.வி.யில் பார்த்தது. வாங்கிய பதக்கம் கீறாமல் இருக்க ஒரு உறையும் பின்னிக்கொண்டார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கிற மனுஷனுக்கே வெட்கமில்லை. எனக்கென்ன?

அவ்வளவு தூரம் ஏன், நம் காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். பிய்ந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணி கண்ணியாகச் சரி பண்ணுகிறவர்கள் யார்? மீசை வைத்த ஆம்பளைகள்தான். அதை யாரும் கேலி செய்வதில்லை.

'சும்மா' என்றால் எவ்வளவு?

இரண்டாவது திமிங்கலத்தை ஆபீஸ் மேஜையில் வைத்திருந்தேன். பக்கத்து சீட் நண்பன் எடுத்துப் பார்த்தான். முகம் மாறியது.

"சூப்பர்டா! என் பையனுக்குப் பொறந்தநாள் வருது. ஒண்ணு போட்டுக் குடேன். நூறு ரூபா தர்றேன். ட்ரெயின்ல சும்மா உக்காந்துதானே வர்றே?"

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். நூல், பஞ்சு 90 ரூபாய். என் வேகத்துக்கு ஐந்து மணி நேரம். அப்படியென்றால் என் ஒரு மணி நேரம் இரண்டு ரூபாய்! சிரித்துக்கொண்டே அத்தையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒன்றரை ரூபாய் குடுத்தான் மாப்பிள்ளை" என்றார்.

கல்யாணமான புதிதில் மேஜை விரிப்பு போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏஜென்ட் ஒருவர் நூலைக் கொடுத்துவிட்டு, விரிப்பை வாங்கிக்கொண்டு போவாராம். ஒன்றுக்கு இரண்டு மத்தியானம் ஆகும். கூலி ஒன்றரை ரூபாய். கூட்டிக் கேட்டால், 'வீட்ல சும்மாத்தானேம்மா இருக்கீங்க' என்பாராம். ஒரு நாள் ஊசியை டப்பாவில் போட்டு மூடியவர்தான். பாதியில் நின்ற அந்த மேஜை விரிப்பின் கதை அது.

அதே 'சும்மா'!

இது அத்தை ஒருவரின் கதை மட்டும் இல்லை. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நர்சாபூர் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் சொல்லிக்கொடுத்த குரோஷா லேஸ் அந்த வட்டாரத்தில் பெரும் தொழிலாக வளர்ந்து, வெளிநாடுகளுக்குப் போனது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அந்தப் பெண்களைப் பற்றி 1982-ல் ஒரு புத்தகமே எழுதினார். நாள் முழுக்க அவர்கள் உழைத்தாலும் 'வீட்டுப் பெண்கள் பொழுதுபோகப் போடுவது' என்று பெயர் வைத்ததால்தான் அவ்வளவு குறைந்த கூலி கொடுத்துத் தப்பிக்க முடிந்தது என்பது அவர் கண்டு சொன்ன உண்மை. அந்த லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

இன்னொரு விஷயம் தெரியுமா? ஸ்வெட்டர் பின்ன மிஷின் உண்டு. குரோஷா பொம்மையை மொத்தமாகப் போட்டுத் தள்ளுகிற மிஷின் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை. கடையில் 99 ரூபாய்க்குத் தொங்கினாலும் சரி, அந்த 504 கண்ணியையும் எங்கேயோ யாரோ ஒருத்தர் விரல் வலிக்கப் போட்டிருக்கிறார்.

எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம் ஒரு கண்காட்சியில் 600 ரூபாய் குரோஷாப் பையை அடித்துப் பேசி 300-க்கு வாங்கி வந்தவன் நான். வீட்டுக்கு வந்து 'எப்படி வாங்கினேன் பாத்தியா!' என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டவன். பீரோவிலிருந்து அந்தப் பையை எடுத்து ஒரு வரிசையை மட்டும் எண்ணினேன். 90 கண்ணி. வரிசைகள் அறுபதுக்கு மேல். அதற்கு மேல் எண்ணத் தைரியம் வரவில்லை.

மறுநாள் நண்பனிடம் சொன்னேன். "மச்சி, என் ரேட் 440 ரூபா. நூல் 90, கூலி மணிக்கு 70. கட்டுப்படியாகலைன்னா இன்னொரு வழி இருக்கு. உன் நூறு ரூபாய்க்கு நூலும் ஊசியும் வாங்கிட்டு வா. சாயங்காலம் பக்கத்துல உக்காரு. சொல்லித் தர்றது சும்மா!"

அவன் முறைத்தான். ஆனால் வந்தான். இப்போது ஆறு மணி வண்டியில் இரண்டு ஆம்பளைகள் ஊசியோடு. ராத்திரி வீட்டுக்குப் போனதும் அத்தை கேட்கிற முதல் கேள்வி: "உங்க சிநேகிதர் இன்னிக்கு எத்தனை கண்ணி விட்டாரு?"

போன மாதம் எங்கள் மேனேஜர் மேடம் பேரனுக்கு ஒரு திமிங்கலம் வாங்கினார். பேரமே பேசாமல் 440 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். அதை அப்படியே கொண்டுபோய் அத்தை கையில் வைத்தேன். "எனக்கெதுக்கு?" என்றார். "சொல்லிக் குடுத்த கூலி அத்தை. சும்மா இல்லை."

கொஞ்ச நேரம் நோட்டைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, பிஸ்கட் டப்பாவைத் திறந்து உள்ளே வைத்தார். பாதியில் நின்ற அந்த மேஜை விரிப்பை எடுத்து என் மடியில் போட்டார்.

"பழைய பாக்கி வசூலாயிடுச்சு. இதை எப்ப முடிக்கப் போறீங்க மாப்பிள்ளை?"