இறுகிய நட்டு விடுபடும் நொடி

துருப்பிடித்த நட்டைக் கழற்ற எந்த எண்ணெய் சிறந்தது என்பதே பணிமனைகளில் ஓயாது எழும் கேள்வி. நட்டு அசையாதிருக்கும்வரை கை பெரும்பாலும் தப்பிவிடுகிறது, அது திடீரென்று விடுபடும் நொடியில்தான் விரல்மூட்டு உடைகிறது என்பதை எந்த எண்ணெய் விளம்பரமும் சொல்வதில்லை.

இரும்பு துருவாகும்போது ஆக்சிஜனும் நீரும் சேர்வதால், முன்பிருந்த இரும்பைப்போல் இரு மடங்குக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரைகளுக்கு இடையே விரிய வழியின்றி இரு பரப்புகளையும் நெருக்குகிறது. மழைக்காலத்தில் உப்பிப்போன மரக்கதவும் இப்படித்தான் நிலையில் இறுகி, எவ்வளவு இழுத்தும் அசையாதிருந்து, அசையும்போது இழுத்தவரை மல்லாத்திவிடுகிறது; ஆனால் கதவு வெயில் வந்தால் தானே சுருங்கும், தச்சரும் ஓரத்தை இழைத்துக் கொடுப்பார், போல்ட்டுக்கு அந்த வெயிலும் இல்லை, அந்தத் தச்சரும் இல்லை.

ஓய்விலுள்ள பரப்புகளை நகரவிடாமல் தடுப்பது நிலை உராய்வு. நகரத் தொடங்கியபின் எஞ்சுவது அதைவிடக் குறைந்த இயக்க உராய்வு. ஸ்பேனரை இழுப்பவரின் விசை முழுவதையும் நிலை உராய்வு எதிர்த்து நிற்க, ஸ்பேனர் சற்றே வளைந்தும் போல்ட் சற்றே முறுக்கேறியும் ஆற்றலைச் சேமிக்கின்றன. துருவின் பிடி உடைந்ததும் எதிர்ப்பு சட்டென்று குறைய, தசைகள் மட்டும் அதே விசையைத் தொடர்கின்றன. மூளை அதை உணர்ந்து தசையைத் தளர்த்த ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகிறது. 30 கிலோ எடையைத் தூக்கும் விசையோடு இழுக்கும் கையோ அதற்குப் பாதி நேரத்திலேயே ஒரு சாணுக்கு மேல் பாய்ந்து, எதிர்ப்படும் தகட்டு விளிம்பில் மோதிவிடும்.

ஆகவே, நட்டின் ஆறு பக்கங்களையும் பற்றும் ரிங் ஸ்பேனரைக் கொண்டு, காலை ஊன்றித் தன் பக்கமாக இழுப்பதே முறை. தள்ளியே தீரவேண்டுமெனில் விரல்களை விரித்து உள்ளங்கையால் தள்ள வேண்டும். கைப்பிடியில் குழாயைச் செருகி நீளத்தை இரட்டித்தால் முறுக்குவிசையும் இரட்டிக்கும். ஆனால் அப்போது நட்டு கழலுமுன் போல்ட் முறியலாம். சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, இடையிடையே சுத்தியலால் தட்டினால் துரு சிறிதுசிறிதாக நொறுங்குவதால், அந்த ஆபத்தான ஒற்றை நொடி பெரும்பாலும் வராமலே போகிறது. தெறிக்கும் துருத் துகளிலிருந்து கண்ணைக் காக்கக் கண்ணாடி வேண்டும்.

 

எண்ணெயைப்போலவே, நட்டைத் தளர்த்தச் சூடாக்கும் வழியின் பெருமையும் மிகைதான். 12 மில்லிமீட்டர் நட்டை 300 டிகிரி சூடாக்கினாலும் துளை 0.04 மில்லிமீட்டரே விரியும். துருவில் விரிசல் விழ அது போதும் என்றாலும், ஊற்றிய எண்ணெய் தீப்பற்றலாம், துத்தநாகப் பூச்சின் புகை காய்ச்சல் தரலாம், குளோரின் கலந்த பிரேக் கிளீனரின் மிச்சம் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயுவாக மாறலாம் என்பதால், சில ரூபாய் விலையுள்ள நட்டை ஹாக்சாவால் அறுத்தெறிவதே பல இடங்களில் மலிவான வழி.