எருக்குழி கட்டிய தளபதி

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனைப் படைத் தளபதியாகவே பலரும் அறிவார்கள். ஆனால் அவர் தம் வாழ்நாளில் அதிகம் விரும்பிச் செய்த தொழில் விவசாயம். வர்ஜீனியாவில் பொட்டோமக் ஆற்றங்கரையில் மவுண்ட் வெர்னான் என்ற இடத்தில் அவருக்கு ஐந்து பண்ணைகள் இருந்தன. மொத்தம் சுமார் 8,000 ஏக்கர். இத்தனை பெரிய மிராசுதாரரின் கதை இரண்டு ஏக்கர்க்காரருக்கு எதற்கு என்று தோன்றலாம். அவருக்கு வந்த கஷ்டம், மண் சத்திழந்து போன கஷ்டம். அது இரண்டு ஏக்கருக்கும் வரும்.

பிரெஞ்சுக்காரருக்கு எதிரான போரில் பணியாற்றிவிட்டு, 1759ல் திருமணம் முடித்து, அவர் பண்ணையில் குடியேறினார். அந்த வட்டாரத்தில் அப்போது புகையிலைதான் பயிர். அறுவடையை லண்டன் வியாபாரிக்குக் கப்பலில் அனுப்புவார்கள். அங்கு விற்ற விலைதான் விலை. வீட்டுக்கு வேண்டிய துணிமணி, கருவிகள் எல்லாம் அதே வியாபாரியிடம் கடனுக்கு வரும். ஆகவே விளைந்தாலும் கடன் ஏறியது. மறுபுறம், வருஷா வருஷம் புகையிலையே போட்டதால் நிலம் சாரம் இழந்தது. அப்படி ஓய்ந்த நிலத்தைப் போட்டுவிட்டுப் புதிதாகக் காட்டை வெட்டுவது அந்நாட்டு வழக்கம். வாஷிங்டன் 1766 வாக்கில் புகையிலையைக் கைவிட்டுக் கோதுமைக்கு மாறினார்.

அதற்கு முன்பே, 1760 ஏப்ரலில், அவர் ஒரு சோதனை செய்து பார்த்தார். பத்து அறைகள் கொண்ட பெட்டி ஒன்று செய்து, வயல் மண்ணை நிரப்பினார். ஓர் அறையில் வெறும் மண். மற்றவற்றில் குதிரைச் சாணம், மாட்டுச் சாணம், ஆட்டு எரு, ஓடை வண்டல், மணல் என்று வகைக்கு ஒன்றாகக் கலந்தார். ஒவ்வொன்றிலும் கோதுமை, ஓட்ஸ், பார்லி மூன்று மூன்று விதை, ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் ஊன்றினார். எந்த எரு எந்த மண்ணுக்கு ஒத்து வரும் என்று பார்க்க இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. நான்கு பழைய மண் சட்டிகள் இருந்தால் யாரும் செய்யலாம்.

பிறகு 1775ல் சுதந்திரப் போர் வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் படையோடு இருந்தார். இடையில் 1781ல்தான் வீட்டை எட்டிப் பார்க்க முடிந்தது. பண்ணை நிர்வாகமெல்லாம் கடிதம் மூலம்தான். 1783 டிசம்பரில் தளபதி பதவியைத் துறந்து, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வீடு திரும்பினார்.

1787ல் தொழுவத்தருகே எருக்குழி ஒன்று கட்டினார். பள்ளமான தரை, அதில் கூழாங்கல் பாவியது, பக்கங்கள் திறப்பு, மேலே கூரை. எருவின் சத்து மழையில் கரைந்து ஓடாது, வெயிலில் காயாது, தரைக்குள்ளும் இறங்காது. கூரையில்லாத குப்பைமேடு பாதி எருவை ஓடைக்குக் கொடுத்துவிடுகிறது என்பதை இன்றும் பலர் கவனிப்பதில்லை. இதோடு ஒரு பண்ணையை ஏழு வயல்களாகப் பிரித்துப் பயிர்ச் சுழற்சியும் வகுத்தார். முதல் வருஷம் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும், அடுத்து கோதுமை, மூன்றாம் வருஷம் பக்வீட் என்ற செடியை வளர்த்து, சணப்பையைப் போல மடக்கி உழுவது, மறுபடி கோதுமை, பின் மூன்று வருஷம் குளோவர் அல்லது புல். நீரோட்டம் அறுத்த வாய்க்கால்களில் பழைய வேலிக் கட்டைகளையும் தழையையும் போட்டு நிரப்பச் சொன்னார்.

உழவுக்குக் கோவேறு கழுதை சிக்கனமானது என்று கருதினார். 1785ல் ஸ்பெயின் அரசர் ஓர் ஆண் கழுதையைப் பரிசாக அனுப்பினார். அவர் இறக்கும்போது பண்ணையில் ஏறத்தாழ 60 கோவேறு கழுதைகள் இருந்தன.

களமும் அவர் கவனத்துக்குத் தப்பவில்லை. திறந்தவெளியில் குதிரைகளை விட்டு மிதிக்கச் செய்தால் தானியம் மண்ணாகிறது, மழையில் நனைகிறது. எனவே பதினாறு பக்கம் கொண்ட மாடிக் களஞ்சியம் கட்டினார். குதிரைகள் மேல்தளத்தில் வட்டமாக மிதிக்கும். பலகைகளுக்கு இடையே ஒன்றரை அங்குல இடுக்கு. மணி கீழே விழும், வைக்கோல் மேலே நிற்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் 1793ல் மற்றொரு பண்ணையில் அவர் கண்டது வேறு. போரடிக்க வசதியாகக் கட்டிய புதுக் களஞ்சியத்தில் அடுக்கிய கதிரை வெளியே கொண்டு வந்து, அதன் வாசலிலிருந்து 30 அடி தூரத்தில் பழையபடி குதிரை விட்டு மிதித்துக் கொண்டிருந்தார்கள். அவர் வருத்தத்தோடு இதைக் கடிதத்தில் எழுதினார். வேலையாட்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கூலியின்றி உழைத்த அடிமைகள் அவர்கள். ஒரு மணி தானியம் வீணாகாவிட்டால் அவர்களுக்கு என்ன லாபம்? இத்தனை முயற்சிக்கும் அந்த நிலம் அவர் எதிர்பார்த்த அளவுக்குத் தேறவில்லை.

1799 டிசம்பர் 10ல் அடுத்த ஆண்டு எந்த வயலில் எதை விதைப்பது என்று நீண்ட திட்டம் எழுதி முடித்தார். 12ஆம் தேதி பனியிலும் மழையிலும் குதிரையேறிப் பண்ணைகளைச் சுற்றி வந்தார். தொண்டை கட்டியது. 14ஆம் தேதி காலமானார், வயது 67. அப்போது பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். தமக்குச் சொந்தமான 123 பேரையும் மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்குமாறு உயிலில் எழுதியிருந்தார். அவர் மனைவி அதுவரை காத்திராமல் 1801 ஜனவரி 1ல் அவர்களை விடுவித்தார். மனைவியின் முதல் கணவர் சொத்தில் சேர்ந்த 153 பேருக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை.