அன்றாட வாழ்வில் ஆண்டவரின் புதுமைகள்

புதுமை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது என்ன? செங்கடல் இரண்டாய்ப் பிளக்கிறது. முடவர் எழுந்து நடக்கிறார். லாசர் கல்லறையினின்று வெளியே வருகிறார். இவையெல்லாம் என்றோ, எங்கோ நடந்தவை என்று ஒதுக்கி வைத்துவிட்டு, தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் கெபியின் முன் மெழுகுதிரி ஏற்றி, ஒரு சிறு புதுமைக்கு விண்ணப்பம் செய்கிறோம். படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வரக்கூடாது என்பதே பெரும்பாலும் அவ்விண்ணப்பம். ஆண்டவர் அதைக் கேட்டுப் புன்னகை செய்வார் என்றே நம்புகிறோம்.

புனித யோவான் (நம் பாட்டிமார் வாசித்த பழைய மொழிபெயர்ப்பில் அருளப்பர்) தம் நற்செய்தியில் இயேசுவின் இத்தகைய செயல்களை 'அடையாளம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் குறிக்கிறார். அடையாளம் என்பது தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்வதன்று. வேறொருவரைச் சுட்டிக் காட்டுவது. முதல் அடையாளம் நிகழ்ந்தது கானாவூர்த் திருமண வீட்டில். அங்கிருந்தவை ஆறு கற்சாடிகள். ஒவ்வொன்றும் இன்றைய கணக்கில் ஏறக்குறைய 80 முதல் 120 லிட்டர் வரை கொள்ளும். பணியாளர் அவற்றை விளிம்பு வரை நிரப்பினார்கள் என்று வாசித்துவிட்டு விரைவாகக் கடந்து போகிறோம். நாம் இடுப்பில் சுமக்கும் குடத்தால் அவற்றை நிரப்புவதானால் முப்பது நாற்பது நடை நடக்க வேண்டும்! குழாயில் தண்ணீர் வராத நாளில் தெருமுனைக்குப் போய்வரும் நம் தாய்மாருக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

அந்த இரசத்தைச் சுவைத்துப் பாராட்டிய பந்தி மேற்பார்வையாளருக்கு அது வந்த வழி தெரியவில்லை. மணமகனுக்கும் தெரிந்ததாகக் காணோம். தண்ணீர் சுமந்த வேலைக்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது என்று நற்செய்தியாளர் நினைவாகக் குறித்து வைக்கிறார். பந்தியில் அமர்ந்திருந்தவர்கள் அறியாததைக் கை நனைய வேலை செய்தவர்கள் அறிந்தார்கள். புதுமையைக் கண்டுணரும் கண் யாருக்கு வாய்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த புனித அகுஸ்தினார் (354-430) இப்பகுதியை விளக்கும்போது வியப்பான ஒன்றைச் சொல்கிறார். மேகத்திலிருந்து பெய்யும் மழைநீர் திராட்சைக் கொடியின் வழியே ஆண்டுதோறும் இரசமாகிறது. அதைச் செய்பவரும் அதே ஆண்டவர்தான். ஆனால் அடிக்கடி நடப்பதால் நாம் வியப்பதில்லை என்கிறார். இறந்த ஒருவர் உயிர்த்தெழுந்தால் மக்கள் வியக்கிறார்கள், நாள்தோறும் இத்தனை பேர் பிறக்கிறார்களே, அதை எவரும் வியப்பதில்லையே என்றும் கேட்கிறார்.

பிறப்பைப் பற்றி அகுஸ்தினார் அறியாதவற்றையும் இன்று நாம் உயிரியல் பாடத்தில் படிக்கிறோம். தாயின் கருவறையில் இருக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை; நீர்மமே நிறைந்திருக்கிறது. பிராணவாயு தொப்புள்கொடி வழியே தாயிடமிருந்து வருகிறது. ஆகவே இரத்தத்தின் பெரும்பகுதி நுரையீரலுக்குப் போக வேண்டியதில்லை. இதயத்தின் மேலறைகள் இரண்டிற்கும் இடையே ஒரு சிறு வழி திறந்திருக்கிறது. அதற்கு மெல்லிய கதவு போன்ற ஒரு மடிப்பும் உண்டு. குழந்தை பிறந்து, வீறிட்டு அழுது, முதல் மூச்சை இழுக்கிறது. நுரையீரல் விரிகிறது. இரத்தம் அங்கே பாய்ந்து திரும்பி இதயத்தின் இடப்பக்கத்தை அடைகிறது. அந்த அழுத்தத்தால் கதவு சாத்திக்கொள்கிறது! ஒரு வாழ்க்கை முறையிலிருந்து மற்றொன்றிற்கு மாறுவது சில நிமிடங்களில் தொடங்கிவிடுகிறது. இதைப் படிக்கும் நாம் ஒவ்வொருவரும் அதைக் கடந்து வந்தவர்களே.

"இது இயற்கை விதிதானே, இதில் புதுமை எங்கே?" என்று சில மாணவியர் கேட்கலாம். நல்ல கேள்விதான். திருச்சபையும் இயற்கை நிகழ்ச்சியையும் இயற்கையை மீறிய நிகழ்ச்சியையும் ஒன்றாகக் குழப்புவதில்லை. ஆனால் விதி இருக்கிறது என்பதனால் விதித்தவர் இல்லை என்றாகிவிடாது. பிறவியிலேயே இதயத்தில் துளையுள்ள குழந்தைகளும் உண்டு. 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டாவில், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலைக் குளிரவைத்து, இதயத்தைத் திறந்து, அத்தகைய துளையைக் கண்ணால் பார்த்தே தைத்து மூடினார்கள். அவள் பிழைத்தாள். மருத்துவரை மதித்து நட, அவரையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக்கின் நூல் 38ஆம் அதிகாரம் போதிக்கிறது. மருந்தை மறுத்துவிட்டுப் புதுமைக்காகக் காத்திருப்பது பக்தி ஆகாது.

கண்முன் இருப்பதைக் காணத் தவறுவது நமக்கு மட்டும் உரிய குறையன்று. பாலைவனத்தில் இஸ்ரயேலர் மன்னாவை முதன்முதலில் கண்டபோது "இது என்ன?" என்று வியந்தனர், அக்கேள்வியே அதற்குப் பெயராயிற்று. பின்னர் அதே மக்கள் இந்த அற்ப உணவு சலித்துவிட்டதென்று முணுமுணுத்தனர். வானிலிருந்து வந்தாலும் தினம் வந்தால் சலிக்கும் போலும்! நம் விடுதியில் உப்புமா நாளன்று எழும் ஒலிகளை நினைத்துக்கொண்டால் மோசேயின்மீது இரக்கம் பிறக்கும்.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தாயையோ தந்தையையோ இழந்த மாணவியர் நம் நடுவே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் நவநாள் செபித்தார்கள், நேர்ச்சை செய்தார்கள், முழந்தாளிட்டு அழுதார்கள். புதுமை நடக்கவில்லை. "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று துக்க வீட்டில் வந்து சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்வது விசுவாசமன்று, கொடுமை. தம்மை வருத்திய முள்ளை எடுத்துவிடும்படி புனித பவுல் மும்முறை மன்றாடினார், அது எடுக்கப்படவில்லை. கெத்சமனியில் ஆண்டவரே துன்பக்கிண்ணம் அகலும்படி வேண்டினார், அதுவும் அகலவில்லை. இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்லத் துணிவார்?

லூர்து நகரை எண்ணிப் பார்ப்போம். 1858ஆம் ஆண்டு பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பதினெட்டு முறை தேவதாயின் காட்சியைப் பெற்ற பெர்னதெத்திற்கு அப்போது வயது 14; நம் ஒன்பதாம் வகுப்பு மாணவியரின் வயதே. அவள் தன் கையால் மண்ணைத் தோண்டிய இடத்தில் ஊற்று சுரந்தது. அங்கே குணமடைந்ததாக 7,000க்கும் மேற்பட்டவர்கள் தெரிவித்துள்ளனர். 1883 முதல் மருத்துவர் குழுவொன்று அவற்றை ஆராய்கிறது. திருச்சபை புதுமையென அறிவித்தவை எழுபதைச் சற்றே தாண்டும். அவ்வளவு நிதானம்! ஆனால் பெர்னதெத்? சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. பின்னர் எலும்புருக்கி நோய். நெவேர் நகரக் கன்னியர் மடத்தில் நோயாளிகளைக் கவனிக்கும் பணி செய்து, தாமும் நோயாளியாய்க் கிடந்து, 1879இல் 35ஆம் வயதில் இறந்தார். ஊற்றைத் தோண்டியவருக்கு அந்த ஊற்று உடல்நலம் தரவில்லை. எனினும் தம்மை ஆண்டவர் கைவிட்டார் என்று அவர் எண்ணவில்லை. துக்கத்தில் இருக்கும் நம் தோழியருக்கு வேறெந்த விளக்கத்தையும்விட அவர் அருகில் இருப்பது ஆறுதலாகும் என்று தோன்றுகிறது.

காணும் கண் பெறுவதற்கு வழி உண்டா? புனித இஞ்ஞாசியார் எழுதிய ஆன்மீகப் பயிற்சி நூலில், 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஏற்பளித்த அந்நூலில், ஆத்தும சோதனை செய்யும் முறை இருக்கிறது. ஆத்தும சோதனை என்றாலே பாவங்களை எண்ணுவது என்று நாம் நினைக்கிறோம். இஞ்ஞாசியாரோ முதலில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறச் சொல்கிறார். பாவங்களின் முறை அதன் பிறகே வருகிறது. இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன் இதைச் செய்து பார்க்கலாம். இன்று நம் சோற்றை வடித்தது யார்? வகுப்பறையைப் பெருக்கியது யார்? காய்ச்சலில் கிடந்தவளுக்குக் கஞ்சி கொண்டுபோனது யார்? ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி நன்றி கூறலாம். பாதியிலேயே உறங்கிப் போனாலும் பாதகமில்லை. விட்ட பெயரிலிருந்து மறுநாள் தொடரலாம்.