குஞ்சைத் தூக்கும் தாடை

மாமல்லபுரம் போகும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976இல் பாம்பு நிபுணர் ரோமுலஸ் விட்டேகர் முன்னின்று தொடங்கியது. சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். மணலில் வரிசையாகச் சதுப்பு முதலைகள், வாயைப் பிளந்தபடி பனங்கட்டைகள் மாதிரிக் கிடந்தன. "பொம்மையாப்பா இது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். யாரோ கல்லை எறிந்தார்கள். அப்போதும் அசைவில்லை.

அசையாமல் கிடப்பது சோம்பல் இல்லை, சிக்கனம். நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. முதலை அந்தச் சூட்டை வெயிலிடமிருந்து இலவசமாக வாங்கிக்கொள்கிறது. அதனால் மாதக்கணக்கில்கூடப் பட்டினி தாங்கும். வெயில் அதிகமானால் வியர்த்துக் குளிர அதற்கு வழியில்லை. வாயைத் திறந்து வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தலை குளிர்கிறது.

தாடையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். மிளகைத் தூவியது போல் கரும்புள்ளிகள் தெரியும். இவை உணர்குமிழ்கள், அதாவது நரம்பு முனைகள் நிறைந்த நுண்ணிய மேடுகள். நீரில் எழும் சிற்றலையைக்கூட இவை உணரும். முதலையின் உறவான அலிகேட்டரை முழு இருட்டில் வைத்துச் சோதித்தார் டாப்னி சோரெஸ் என்ற ஆய்வாளர். ஒரே ஒரு சொட்டு நீர் விழுந்தாலும், விழுந்த திசைக்கு அது திரும்பியது. 2002இல் இந்த ஆய்வு வெளியானது. தொடுதலை உணர்வதில் இந்தப் புள்ளிகள் மனித விரல் நுனியையும் மிஞ்சுகின்றன என்று பத்தாண்டு கழித்து வேறொரு ஆய்வு காட்டியது. செருப்புத் தோல் போலத் தெரியும் அந்த முகம் உண்மையில் அவ்வளவு மென்மையானது!

இதே தாடைதான் 'முதலைப்பிடி' என்ற சொல்லுக்கும் காரணம். உப்புநீர் முதலை ஒன்றின் கடியை அளந்தபோது ஏறத்தாழ 1,670 கிலோ எடைக்குச் சமமான விசை பதிவானது. இரண்டு சிறிய கார்களை ஒரு பல்லின் மேல் ஏற்றியது போல. ஆனால் வாயைத் திறக்கும் தசைகள் மிகவும் மெலிந்தவை. அதனால் பண்ணைகளில் முதலையின் வாயை ஒட்டுநாடாவால் சுற்றியே கட்டிவிடுகிறார்கள்.

என்னை அதிகம் நெகிழ வைத்தது இந்தத் தாடை கூட்டில் செய்யும் வேலைதான். சதுப்பு முதலை குழி தோண்டி, சுமார் 25 முட்டைகள் இட்டு மூடிவிடும். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, ஓட்டை உடைக்கும் முன்பே குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்து குரல் கொடுக்கும். மண்ணுக்கு அடியிலிருந்து வரும் அந்தக் குரலைக் கேட்டு முதலை குழியைத் தோண்டும். பிறக்கத் திணறும் முட்டையை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே உருட்டி, ஓட்டை மட்டும் நொறுக்கும். பிறகு குஞ்சுகளை வாயில் அள்ளிக்கொண்டு போய் நீரில் விடும். தாய் மட்டும் இல்லை, தந்தை முதலையும் இதைச் செய்ததை இதே வடநெம்மேலியில் பதிவு செய்திருக்கிறார்கள்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் குழியின் வெப்பம் முடிவு செய்கிறது. 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை பெண் குஞ்சுகள், 32.5 டிகிரியை ஒட்டி ஆண் குஞ்சுகள். நமக்குக் காய்ச்சலா இல்லையா என்று சொல்லும் ஒன்றரை டிகிரி வித்தியாசம், அங்கே ஒரு தலைமுறையையே மாற்றிவிடுகிறது.

இன்னொன்று. கொக்குகள் கூடு கட்டும் காலத்தில் வடநெம்மேலி முதலைகள் சில, மூக்கின் மேல் சுள்ளியை ஏந்தி மிதந்தன. சுள்ளி எடுக்க வந்த கொக்கைப் பிடிக்கப் பாய்ந்தன. இது வேட்டைத் தந்திரம் என்று 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தற்செயல் என்று வாதிடுபவர்களும் உண்டு. தந்திரம் என்றே எனக்குப் படுகிறது.

நீங்கள் அங்கே போனால் தயவுசெய்து கல்லை எடுக்காதீர்கள். மிளகுப் புள்ளிகள் தெரியும் தொலைவில் கிடக்கும் ஒரு முதலையைத் தேர்ந்தெடுத்து, அரை மணி நேரம் பொறுமையாகப் பாருங்கள். கூட வரும் குழந்தைகளுக்கும் அந்தப் புள்ளிகளைக் காட்டுங்கள்.