பழைய இதழ்கள், ஆண்டு மலர்கள், நிழற்படங்கள் வழி ஊர் வரலாறு: பெருமுக்கல்லை முன்வைத்து

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் அமைந்துள்ள பெருமுக்கல், மலைமேல் உள்ள முக்தியாசலேசுவரர் கோயிலாலும் அதன் சோழர் காலக் கல்வெட்டுகளாலும், மக்கள் சீதையோடு தொடர்புபடுத்தும் குகையின் பாறைக் கீறல்களாலும் ஆய்வாளர் அறிந்த ஊர். ஊர் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கல்வெட்டோடு நின்றுவிடுகின்றனர். அதற்குப் பிற்பட்ட காலத்தை அச்சுச் சான்றுகளிலும் நிழற்படங்களிலும் தேடுவதில் எழும் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது.

முதற்சிக்கல் ஊர்ப்பெயரே. கல்வெட்டுகளில் இவ்வூர் ஓய்மாநாட்டுப் ‘பெருமுக்கில்’ எனப்படுகிறது. ஆங்கிலேயர் ஆவணங்களிலோ ‘பெர்மாகாயில்’ என ஒலிக்கத்தக்க வடிவம் காணப்படுகிறது. நாகர்கோவிலின் பெயரில் ‘கோயில்’ என்பதற்கு அவர்கள் இட்ட எழுத்துகளே இதன் இறுதியிலும் உள்ளன. ஆதலின் இதனைப் ‘பெருமாள் கோயில்’ என்று படித்து, வேறோர் ஊராகக் கருதி ஒதுக்கிவிட இடமுண்டு. மலைமேல் இருப்பதோ சிவன் கோயில். ‘முக்கில்’ என்னும் பழைய ஈறே அயலார் செவியில் இவ்வாறு திரிந்தது எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இக்கருத்து ஏற்கப்படின், அயலார் பிழை எனத் தள்ளப்படும் எழுத்து வடிவம், இன்றைய வழக்கைவிடக் கல்வெட்டு வழக்குக்கு நெருக்கமானதாகும். எவ்வாறாயினும், இன்றைய வடிவத்தை மட்டும் கொண்டு மின்வருடிய இதழ்களில் தேடுபவருக்கு இவ்வூரின் பதினெட்டாம் நூற்றாண்டு கிட்டாது.

அந்நூற்றாண்டே இவ்வூர் மிகுதியாகப் பேசப்பட்ட காலம். 1760 சனவரியில் வந்தவாசிப் போரில் தோற்ற பிரெஞ்சுப் படையில் ஒரு பகுதி இம்மலைக்கோட்டையில் நிலைகொண்டது. அவ்வாண்டே அயர் கூட் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினார். தாக்குதலில் அவரும் காயமுற்றார். பின்னர் ஐதர் அலியின் படையும் கோட்டையை முற்றுகையிட்டது. ஆனால் சென்னையின் முதல் செய்தித்தாளான ‘மெட்ராஸ் கூரியர்’ தோன்றியது 1785இல். இந்நிகழ்வுகள் நடந்தபோது சென்னையில் செய்தித்தாள் இல்லை. 1761 வரை நீளும் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பும், 1758ஆம் ஆண்டு முதல் நிகழ்வுகளை ஆண்டுவாரியாகத் தொகுத்த இலண்டன் ‘ஆனுவல் ரெஜிஸ்டர்’ தொகுதிகளுமே இவ்விடைவெளியில் தேடத்தக்கவை.

1882இல் தொடங்கி 1899இல் நாளிதழான சுதேசமித்திரன் போன்ற தமிழ் இதழ்களில் சிற்றூர்ச் செய்தியைத் தலைப்பைக் கொண்டு தேடுவது பயன் தராது. நிருபர் கடிதங்கள், ஏல அறிவிப்புகள், நீதிமன்ற விளம்பரங்கள் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகப் படித்தாக வேண்டும். திண்டிவனம் என்னும் தலைப்பின்கீழ்ச் சுற்றூர்ச் செய்தி மறைந்திருக்கும் என்பதையும் கருத வேண்டும். (நுண்படச் சுருள் வாசிப்பில் கண்வலி தவிர வேறெதுவும் கிட்டாத நாட்கள் உண்டு.)

ஆண்டு வெளியீடுகளில் 1887 முதல் வெளிவந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகளை யாவரும் அறிவர். பள்ளி ஆண்டு மலர்கள் அத்தகுதியைப் பெறவில்லை. குழுப்படத்தின் கீழ் நின்றோர், அமர்ந்தோர் பெயர்கள் வரிசையாக அச்சிடப்படுவதால், கல்வி எத்தெருவிலிருந்து வந்தோருக்கு எப்போது கிட்டியது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் உசாவி அறியலாம். கடைசிப் பக்க விளம்பரங்கள் நெல் அரைவை ஆலை, துணிக்கடை, பேருந்து ஆகியவற்றின் வருகையைக் காட்டுகின்றன. ஆயினும் மலருக்குப் பணம் தந்தவரே அதில் இடம்பெற்றனர் என்பதை மறத்தலாகாது.

நிழற்படங்களைப் பொறுத்தவரை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பு கோயிற்கலை ஆய்வாளருக்குப் பெருந்துணை. எனினும் கல் உடைப்புத் தொழில் பெருகியுள்ள இவ்வட்டாரத்தில், வீட்டுச் சுவர்களில் தொங்கும் திருமண, பள்ளிப் படங்களுக்கும் தனி மதிப்புண்டு. அவற்றின் பின்னணியில் எதிர்பாராமல் பதிந்த குன்றின் விளிம்பு, நாள் தெரிந்த படமாயின், எந்தப் பாறை எப்போது வரை இருந்தது என்பதற்குச் சான்றாகும். படியெடுக்கும்போது மாந்தர் உருவங்களை மட்டும் வெட்டியெடுத்துப் பின்னணியை நீக்கும் வழக்கம் உள்ளது. படத்தை முழுமையாகவும், அட்டையின் பின்புறத்தில் உள்ள நிழற்பட நிலைய முத்திரையோடும் படியெடுத்தல் வேண்டும்.