அம்மா கப்பலுக்குப் போய் வருகிறேன்!

“ஏளா, பச்சப் பிள்ளைய விட்டுட்டுக் கப்பலுக்குப் போறியே, உனக்கு எப்படி மனசு வருது?”

எதிர் வீட்டுப் பெரியம்மா இப்படிக் கேட்டபோது நான் பெட்டிக்குள் பருப்புப் பொடிப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. அதே கேள்வியை நானே என்னிடம் நூறு தடவை கேட்டாயிற்று!

எங்கள் ஊர் தூத்துக்குடி. 2017-ல் உல்லாசப் பயணக் கப்பல் ஒன்றில் அறைகளைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் உலகமெங்கும் இந்தக் கப்பல்கள் நின்றுபோக, ஊர் திரும்பினேன். 2021-ல் மகள் பிறந்தாள். என் வீட்டுக்காரரின் சம்பளம் வீட்டுக் கடன் வட்டிக்கும் வாய்க்கும் சரியாகப் போயிற்று. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அந்த வேலை பிடிக்கும். அவளுக்கு இரண்டரை வயதானபோது, 2024-ல், மறுபடியும் கிளம்பினேன்.

இடைவெளி விட்டுத் திரும்புவது லேசான காரியமில்லை. கப்பல் பணியாளரின் மருத்துவச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. தீயணைப்பு, கடலில் உயிர் காத்தல் ஆகிய பயிற்சிகளை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பிள்ளை பெற்ற உடம்போடு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பயிற்சிக் குளத்தில் குதித்தபோது, ‘இது நமக்குத் தேவைதானா?’ என்று தோன்றத்தான் செய்தது.

நான் செய்த தவறு

புறப்படும் அன்று அம்மா சொன்னாள்: “பிள்ள தூங்கும்போதே போயிரு. பாத்தா அழுவா.” நல்ல யோசனையாகத்தான் பட்டது. நெற்றியில் முத்தமிட்டுவிட்டுத் திருடியைப் போல வாசலைத் தாண்டினேன்.

ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் கப்பல் ஏறினேன். அங்கே கிளம்பி பிரான்ஸ், இத்தாலித் துறைமுகங்களைச் சுற்றிவிட்டு ஞாயிறுதோறும் பார்சிலோனாவுக்கே திரும்புவோம்.

பயணிகள் பார்க்கும் கப்பல் வேறு, நாங்கள் வாழும் கப்பல் வேறு. அவர்களுக்கு விளக்குகளும் இசையும் நீச்சல் குளமும். எங்களுக்குக் கீழ்த் தளத்தில் ஜன்னலில்லாத அறை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டில். ஒரு திரைச்சீலைதான் நம் தனிமை! கப்பலின் நீளத்துக்கும் ஓடும் பணியாளர் பாதைக்கு, அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரால் ‘ஐ-95’ என்று பெயர். பல தேசத்தவரும் அதில் இடித்துக்கொண்டு ஓடுவோம். சாப்பாட்டுக் கூடத்தில் சோறு கிடைக்கும். ஆனால், ஊர்ப் பருப்புப் பொடியைப் போட்டுப் பிசைந்தால்தான் அது சாப்பாடு!

காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கும். படுக்கை விரிப்பது, குளியலறை கழுவுவது, துண்டு மாற்றுவது என்று மதியம் இரண்டு மணி வரை. மாலை ஐந்தரையிலிருந்து இரவு பத்து வரை மறுபடியும் அதே அறைகள். ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை. காலையில் பழைய பயணிகள் இறங்க, மதியமே புதியவர்கள் ஏறுவார்கள். எல்லா விரிப்பும் மாற வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. அந்த ஓய்வு நேரத்தில் துணி துவைப்பதா, தூங்குவதா, வீட்டுக்குப் பேசுவதா?

என் மதிய ஓய்வு, கோடைக் காலத்தில் நம் ஊருக்கு மாலை ஐந்தரை முதல் இரவு ஒன்பது வரை. மகள் தூங்குமுன் பேசலாமே என்று வீடியோவில் கூப்பிட்டால், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆச்சியின் முந்தானைக்குள் ஒளிவாள். வாரக்கணக்கில் இப்படி! ராத்திரி தூங்கவும் மறுத்தாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தூங்கினால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்பதுதானே நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம்?

முப்பது சோழிகள்

ஒப்பந்தம் முடிந்து வந்ததும் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் குளிக்கப் போனால் கதவருகே உட்கார்ந்திருப்பாள்.

2025 மார்ச்சில் மறுபடி அழைப்பு வந்தபோது தீர்மானித்தேன்: இந்தத் தடவை ஒளிந்து போகக் கூடாது. பத்து நாள் முன்பே அவளை மடியில் வைத்துக் கப்பல் படத்தைக் காட்டினேன். “அம்மா இங்கதான் வேலைக்குப் போறேன். திரும்பி வருவேன்” என்றேன். பெட்டி அடுக்கும்போது கூடவே வைத்துக்கொண்டேன். ஏழு மாதம் என்றால் அவளுக்கு என்ன புரியும்? ஒரு கிண்ணத்தில் முப்பது சோழிகளைப் போட்டேன். ஞாயிறுதோறும் ஆச்சியோடு சேர்ந்து ஒன்றை எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும்.

புறப்பட்டபோது அழுதாள், தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். நானும்தான். ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள் என்று அம்மா சொன்னாள். மறுநாள் அவளே போனைப் பிடுங்கி, “அம்மா, கப்பலுக்குப் போயிட்டியா?” என்றாள்!

பயணிகளின் படுக்கையில் துண்டை மடித்து யானை, குரங்கு செய்து வைப்பது எங்கள் வழக்கம். அதை வீடியோவில் காட்டுவேன். ஆச்சியும் பேத்தியும் டர்க்கி டவலில் செய்து பார்த்து, “அம்மா, இது யானை இல்ல, பன்னி!” என்று சிரிப்பார்கள்.

கப்பல் கற்றுத்தந்த ஒன்றை இல்லத்தரசிகளுக்கும் சொல்லிவைக்கிறேன். வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் வராமலிருக்க, கழிப்பறைக்குப் போய்வந்த பின்னும் சாப்பிடுமுன்னும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவச் சொல்வார்கள். கையில் தடவும் சானிடைசர் மட்டும் அதற்குப் போதாது. இப்போது என் மகளும் இருபது வரை எண்ணித்தான் கை கழுவுகிறாள்.

ஒரே ஒரு குறை. என்னை இறக்கிவிடும் தேதி மூன்று நாள் தள்ளிப்போயிற்று. கடைசிச் சோழியையும் போட்டுவிட்டு, காலிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். கேட்டதும் நெஞ்சு அடைத்துப்போயிற்று. அடுத்த தடவை ஒரு சோழி கூடுதலாகவே போடப் போகிறேன். சொன்ன நாளுக்கு முன்னால் வந்து நின்றால் குழந்தை சந்தோஷப்படுமே தவிர, ஏமாறாது.

கப்பலோ, ஆபீஸோ, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியோ, எங்கே கிளம்பினாலும் சரி, சகோதரிகளே, குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அழட்டும், பரவாயில்லை. அந்த அழுகை ஓய்ந்துவிடும்.

எதிர் வீட்டுப் பெரியம்மா இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. “அடுத்த தடவ எத்தன சோழிளா?” என்றுதான் கேட்கிறார்.