டவுன்ஹில் சைக்கிளுக்கு ஃபோர்க் மாற்றுவோர் கவனத்திற்கு

மலைச்சரிவில் பாய்ந்திறங்கும் டவுன்ஹில் சைக்கிளுக்கு முன் ஃபோர்க்தான் உயிர். அது பழுதானால், குறைந்த ரிங்கிட்டில் கிடைக்கும் பழைய ஃபோர்க்கை வாங்கிப் பொருத்தத் தோன்றும். விலை கேட்பதற்கு முன் அளவெடுப்பதே நல்லது.

முதலில் அமுங்கும் தூரம். டவுன்ஹில் ஃபோர்க்குகள் பொதுவாக 200 மில்லிமீட்டர் அமுங்கும். மேலும் கீழும் இரண்டு பிடிப்புகள் கொண்ட இவற்றை எல்லா ஃபிரேமும் தாங்காது. ஃபிரேம் தயாரிப்பாளர் அனுமதித்த அளவைத் தாண்டினால் ஃபிரேமின் கழுத்துப் பகுதி விரிசல் காணலாம்.

அடுத்தது, ஃபிரேமின் கழுத்துக்குள் நுழையும் குழாய். இரண்டு பிடிப்புள்ள டவுன்ஹில் ஃபோர்க்குகளில் அது பொதுவாக மேலும் கீழும் ஒரே அளவாக 1⅛ அங்குலம் இருக்கும். ஃபிரேமின் கழுத்து அளவுக்கு இது பொருந்துமா என்று பாருங்கள். முன்பு வாங்கியவர் குழாயைக் குட்டையாக வெட்டியிருந்தால் அதை நீட்டவும் முடியாது.

சக்கரம் 26, 27.5, 29 அங்குலத்தில் எதுவென்று பாருங்கள். அச்சு 20 மில்லிமீட்டர் தடிப்பு, 110 மில்லிமீட்டர் அகலம் என்றிருந்தாலும், 'பூஸ்ட்' வகையில் பிரேக் வட்டின் இடம் மாறும்.

காற்று ஃபோர்க்கை உடல் எடைக்கேற்ப பம்பால் சரிசெய்யலாம். காயில் ஃபோர்க்கில் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்; அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பழைய ஃபோர்க் என்றால், வழுவழுப்பான கால்களை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் கீறல் இருந்தால் எண்ணெய் கசியும், சேறு உள்ளே போகும். பிடிப்பில் விரிசல் தெரிந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.